வேலை விசா, தொழில் விசா: யாரிடம் உதவி கேட்பது?

(ஆண்டாப் ஹில் உறுப்பினர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வெளியூர் உறுப்பினர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே வெளியிடப்படுகிறது.)



இந்தத் தலைப்பை நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. போன ஆறு மாதத்தில் எங்கள் கட்டிடத்தில் மட்டும் நான்கு குடும்பங்கள் ஒரே கேள்வியோடு வந்தார்கள். "பிள்ளைக்கு வெளிநாட்டு வேலைக்கு விசா போடணும். ஏஜென்ட் இவ்வளவு கேக்கறான். கொடுக்கலாமா, கூடாதா?" நான் வக்கீல் இல்லை, ஏஜென்டும் இல்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு 36 வருஷம் சர்க்கார் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன். விண்ணப்பம் என்ற வஸ்துவை மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதுதான் எனக்குள்ள ஒரே யோக்யதை.

நம் பெரியவர்கள் பம்பாய்க்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும். எஸ்.எஸ்.எல்.ஸி. சர்டிபிகேட், டைப்ரைட்டிங் ஹையர், கொஞ்சம் ஷார்ட்ஹேண்ட், ஒரு தகர டிரங்குப் பெட்டி. மாட்டுங்காவில் யாரோ ஒரு மாமா இருப்பார். தங்க இடம் கொடுப்பார், ஆபீஸுக்கு அழைத்துக்கொண்டு போய் "நம்ம ஊர்ப் பையன்" என்று அறிமுகம் செய்வார். அதற்கு ரசீதும் கிடையாது, கட்டணமும் கிடையாது. இன்று நம்மில் பலர் அந்த மாட்டுங்கா மாமாவிடம் வைத்த நம்பிக்கையைத் தூக்கி அப்படியே விசா ஏஜென்டிடம் வைக்கிறோம். அவர் தமிழில் பேசுவார், காபி வாங்கித் தருவார், "கவலைப்படாதேங்கோ, நான் பாத்துக்கறேன்" என்பார். மாமா உங்களுக்காக வேலை செய்தார். இவர் யாருக்காக வேலை செய்கிறார்? அதைக் கேட்காமலே காசோலையில் கையெழுத்துப் போட்டு விடுகிறோம்.

முதலில், உதவி செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே ஜாதி மனிதர்கள் அல்ல. வேலையைத் தேடித் தருகிறவர் ஒருவர். சட்டப்படி இவர் ரெக்ரூட்டிங் ஏஜென்ட். 1983-ஆம் வருஷத்து எமிக்ரேஷன் சட்டத்தின் கீழ் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்துகொள்ளாமல் இவர் தொழில் நடத்தக் கூடாது. எந்த விசா பொருந்தும், என்ன ஆவணம் வேண்டும் என்று சட்டம் பார்த்துச் சொல்கிறவர் இன்னொருவர். அவர் வக்கீலாகவோ ஆலோசகராகவோ இருப்பார். மூன்றாமவர் படிவம் நிரப்பித் தரும் கடைக்காரர், பழைய நாளில் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுத்தவரின் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது, விண்ணப்பத்தையும் கைரேகையையும் வாங்கித் தூதரகத்துக்கு அனுப்பும் மையம். விஎஃப்எஸ் இந்த வகை. 2001-இல் இதே மும்பையில் அமெரிக்கத் தூதரகத்தின் வேலையை எடுத்துக்கொண்டுதான் அது தொடங்கியது. இன்று பல தேசங்களுக்கு அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் விசா தருவதோ மறுப்பதோ அதன் கையில் இல்லை. "விஎஃப்எஸ்ஸில் எனக்கு ஆள் இருக்கு" என்று யாராவது சொன்னால், தபால்காரரைத் தெரியும், அதனால் உங்கள் கடிதத்துக்கு நல்ல பதில் வரும் என்று சொல்வது போலத்தான்.

இந்த நால்வரில் வேலை தேடித் தருகிறவருக்குத்தான் நம் தேசத்தில் மத்திய அரசின் உரிமம் உண்டு. வெறும் விசா ஆலோசகருக்கு அப்படி எதுவும் கிடையாது. பஞ்சாபில் 2012-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள், அங்கே பட்ட அடி அப்படி. ஆகவே சுவரில் மாட்டியிருக்கும் கடைப் பதிவுச் சான்றிதழையும் ஜிஎஸ்டி எண்ணையும் காட்டி "கவர்ன்மென்ட் அப்ரூவ்ட்" என்றால் மயங்க வேண்டாம். பலசரக்குக் கடைக்கும் அதே காகிதங்கள் உண்டு.

இப்போது ஒரு வழக்கைச் சொல்கிறேன். நம் ஊர் சம்பந்தப்பட்டது.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் தென்கரையை அடித்தது. எண்ணெய்க் கிணற்று மேடைகளைப் பழுதுபார்க்க ஆள் போதவில்லை. மிஸிஸிப்பி மாநிலத்தில் பாஸ்ககூலா என்ற இடத்திலும் டெக்ஸாஸில் ஆரஞ்ச் என்ற இடத்திலும் பட்டறை வைத்திருந்த சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கம்பெனி, 2006-07-இல் இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர்களையும் பைப் ஃபிட்டர்களையும் கொண்டுபோயிற்று. ஆள் சேர்த்தது மும்பையில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு ஏஜென்சி. காகிதம் போட்டது நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஒரு குடியேற்ற வக்கீல். பெயர்கள் தீர்ப்பில் இருக்கின்றன; எனக்கு இங்கே காரியம் பெயர்கள் அல்ல. தமிழ்நாடு, கேரளம் முதலான இடங்களிலிருந்து போன அந்தத் தொழிலாளர்கள் ஆளுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல், சிலர் இருபதாயிரம் வரை, நகையையும் நிலத்தையும் வைத்துக் கட்டினார்கள். குடும்பத்தோடு குடியேற கிரீன் கார்டு வரும் என்பது வாக்குறுதி. கையில் கிடைத்ததோ எச்-2பி விசா. அது தாற்காலிக வேலைக்கானது, சில மாதங்களுக்குத்தான். அங்கே ஒரு டிரெய்லர் அறைக்கு 24 பேர் வரை அடைத்து, காவல் போட்டு, அதற்கு மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடித்தார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வேலையை விட்டு வெளியேறி, வாஷிங்டன் வரை போய் சத்தியாகிரகம் என்றே பெயர் வைத்துப் போராடினார்கள். வழக்கு ஏழு வருஷம் நடந்தது. 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி முதல் ஐந்து பேருக்கு மட்டும் 1 கோடியே 40 லட்சம் டாலர் நஷ்டஈடு என்று சொல்லிற்று. கம்பெனி, வக்கீல், ஏஜென்சி மூவரையுமே பொறுப்பாக்கிற்று. அதே வருஷம் ஜூலையில் கம்பெனி திவால் மனு போட்டது. மற்றவர்களுக்கு 2 கோடி டாலரில் சமரசம் ஆயிற்று.

இதில் என்னை உறுத்துவது என்ன தெரியுமா? அங்கே போலி வக்கீல் யாரும் இல்லை. உரிமம் பெற்ற, படித்த, நிஜமான வக்கீல். உரிமம் என்பது ஒருவருக்குச் சட்டம் தெரியும் என்று சொல்லும். அவர் உங்கள் பக்கம் நிற்கிறார் என்று சொல்லாது. பணத்தைக் கொடுத்தது தொழிலாளி. அவர் வேலை செய்தது கம்பெனிக்கு.

நம் பிள்ளைகள் வெல்டர்கள் இல்லையே என்று சிலர் நினைக்கலாம். எச்-1பி விஷயத்துக்கு வருவோம். அதில் மனு போடுகிறவர் முதலாளி, உங்கள் பிள்ளை அல்ல. ஐ-129 என்ற அந்த மனுவுக்கான வக்கீல் கட்டணம் முதலாளியின் தொழில் செலவு என்று அமெரிக்கத் தொழிலாளர் துறையின் விதியே சொல்கிறது. பயிற்சி நிதிக்காக 750 அல்லது 1,500 டாலர் ஒரு கட்டணம் உண்டு. அதைத் தொழிலாளியிடம் எந்த ரூபத்திலும் வசூலிக்கக் கூடாது. ஆக, ஹைதராபாத்திலோ அந்தேரியிலோ ஒரு கன்சல்டன்சி "எச்-1பி ஃபைல் பண்ண நாலு லட்சம், செலக்ட் ஆனா மீதி நாலு லட்சம்" என்றால், அங்கே நிஜமான வேலை இருக்கிறதா என்பதே முதல் ஸந்தேகம். 2025 செப்டம்பர் 19-இல் வந்த அறிவிப்பில், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புது மனுவுக்கு 1 லட்சம் டாலர் என்று வைத்தார்கள். நேர்வழி இப்படி அடைபடும் சமயத்தில்தான் குறுக்குவழி சொல்கிறவர்களின் குரல் உயரும். வளைகுடாவிலும் விதி இதே மாதிரிதான். ஐக்கிய அரபு எமிரேட்ஸின் 2021-ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டப்படி ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. நம் தேசத்து விதியில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி. இரண்டு லட்சம் கேட்கிறவரிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று.

சமையல் வேலைக்கு துபாய், மஸ்கட் போகும் பிள்ளைகளில் பத்தாவது தேறாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாஸ்போர்ட்டில் இசிஆர் என்று இருக்கும். 18 தேசங்களுக்கு வேலைக்குப் போக ப்ரொடெக்டர் ஆஃப் எமிக்ரண்ட்ஸ் அனுமதி வேண்டும். "அதெல்லாம் தலைவலி, விசிட் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாம்" என்பது ஏஜென்டின் உபதேசம். அந்த அனுமதியோடு போனால் 10 லட்ச ரூபாய் காப்பீடு உண்டு. ஒப்பந்தத்தின் பிரதி சர்க்காரிடம் இருக்கும். சம்பளம் வராவிட்டால் தூதரகத்தில் பேச ஒரு காகிதம் இருக்கும். விசிட் விசாவில் போனவனுக்கு எதுவும் இல்லை. 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய் மியான்மாரில் மாட்டிக்கொண்டு மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள்.

இனி தொழில் விசா. ஆங்கிலத்தில் பிஸினஸ் விசா என்றதும் நாம் வியாபாரம், வேலை எல்லாம் அதில் அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்காவின் பி-1 விசாவில் மீட்டிங் போகலாம், ஒப்பந்தம் பேசலாம், மாநாட்டில் கலந்துகொள்ளலாம். அங்கே உட்கார்ந்து, அந்த ஊர் ஆள் செய்யவேண்டிய வேலையைச் செய்யக் கூடாது. இந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு இன்ஃபோஸிஸ் விவகாரம் சாட்சி. எச்-1பி வாங்கிச் செய்ய வேண்டிய வேலைக்குப் பி-1-இல் ஆள் அனுப்பினார்கள் என்றும், அழைப்புக் கடிதத்தில் வேலை என்று தொனிக்கும் வார்த்தைகளைப் போடாதீர்கள் என்று குறிப்பே அனுப்பினார்கள் என்றும் அமெரிக்க அரசு சொல்லிற்று. கம்பெனி அதை மறுத்தது. வேலைத் தகுதிப் படிவங்களில் பிழை இருந்ததை மட்டும் ஒப்புக்கொண்டது. 2013 அக்டோபரில் 3 கோடியே 40 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு அது ஒரு காசோலை. அதே வார்த்தை விளையாட்டை ஒரு தனிப் பையன் விளையாடினால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த குடும்பம். பெயரும் தெருவும் வேண்டாம். பையன் மிருதங்கம் நன்றாக வாசிப்பான். அமெரிக்காவில் நான்கைந்து ஊரில் கச்சேரி, ஸன்மானத்தோடு. அதற்கு முறையான வழி பி-3 விசா. (தமிழில் எழுதினால் இரண்டும் 'பி'தான். முன்னது பெங்களூரின் பி, இது பாலக்காட்டின் பி.) அங்குள்ள சபாவோ அமைப்பாளரோ மனு போட்டுக் காத்திருக்க வேண்டும். ஏஜென்ட் சொன்னார்: "அதுக்கெல்லாம் நேரம் இல்லை. அக்கா நியூஜெர்ஸியில்தானே இருக்கா? அக்காவைப் பாக்கப் போறேன்னு போடு." படிவத்தை அவரே நிரப்பினார். நேர்காணலில் அந்த அதிகாரி அமைதியாக ஒரு கேள்வி கேட்டாராம்: "மே மாதம் உன் பெயர் போட்ட கச்சேரி அறிவிப்பைப் பார்த்தேன், அது யார்?" பையனுக்கு நா எழவில்லை.

விசா மறுப்பு ஒரு விஷயமே அல்ல. எத்தனையோ பேருக்கு மறுக்கிறார்கள், அடுத்த தடவை கிடைக்கிறது. இது வேறு. உண்மையை மறைத்தார் என்ற பிரிவின் கீழ் மறுத்தார்கள். அமெரிக்கச் சட்டத்தில் அதற்குக் காலக்கெடு கிடையாது. விலக்கு கேட்டு மனுப் போடலாம், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மற்ற தேசங்களில் எண் வைத்திருக்கிறார்கள்: பிரிட்டனில் 10 வருஷம் வரை, கனடாவில் 5, ஆஸ்திரேலியாவில் 3. அக்காவுக்கு அங்கே சீமந்தம் வந்தபோதும் அவனால் நிஜமாகவே போக முடியவில்லை.

அந்தப் பையனின் அப்பா என்னிடம் படிவத்தின் பிரதியைக் கொண்டுவந்தார். டிஎஸ்-160 என்று பெயர். அதன் கடைசிப் பகுதியில், "இந்த விண்ணப்பத்தை நிரப்ப யாராவது உங்களுக்கு உதவினார்களா?" என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஏஜென்ட் "இல்லை" என்று அடித்திருந்தார். காசு வாங்கிக்கொண்டு முழுப் படிவத்தையும் எழுதியவர், தான் இருந்த சுவடே இல்லாமல் செய்துவிட்டார். யார் நிரப்பினாலும் விண்ணப்பதாரரேதான் மின் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்பது அங்கே விதி. நாங்கள் கல்லூரியில் படிக்கும்போது லாபரட்டரி நோட்டில் பக்கத்துப் பையனின் ரீடிங்கைக் காப்பி அடித்தால், கருவி கெட்டுப்போனதற்கும் சேர்த்து நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த மாதிரிதான் இது.

கனடாவில் 2023-இல் பஞ்சாப் மாணவர்கள் பட்ட பாடும் இதேதான். ஏஜென்ட் கொடுத்த கல்லூரிக் கடிதம் போலி. படித்து முடித்து, வேலை பார்த்து, நிரந்தரக் குடியுரிமைக்கு மனு போட்டபோதுதான் அவர்களில் பலருக்கே தெரிந்தது. அந்த ஏஜென்டுக்கு 2024-இல் அங்கேயே மூன்று வருஷம் சிறை விதித்தார்கள். ஆனால் நாடு கடத்தும் நோட்டீஸ் முதலில் போனது மாணவர்களின் விலாசத்துக்கு.

இவ்வளவு சொன்னதால் நான் தொழில்முறை உதவியே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பு ஒரு தடவை மறுக்கப்பட்டிருந்தால், போலீஸ் வழக்கு ஏதாவது இருந்தால், சொந்தக் கம்பெனி ஆரம்பிக்கப் போவதாக இருந்தால், நல்ல வக்கீலுக்குக் கொடுக்கும் காசு வீண் அல்ல. கோயில்களுக்குப் போகும் சாஸ்திரிகள், குருக்கள் விஷயமும் அப்படியே. அமெரிக்காவில் ஆர்-1 என்று விசா. மனு போடுவது கோயில் நிர்வாகம். அதிகாரிகள் கோயிலுக்கே நேரில் வந்து பார்ப்பார்கள். மொத்தம் 5 வருஷத்துக்கு மேல் கிடையாது. இதில் நுணுக்கம் அதிகம், அரைகுறை ஆலோசகரிடம் போகக் கூடாது.

யார் முறையானவர் என்று பார்ப்பதற்கு அந்தந்த தேசத்தில் வழி வைத்திருக்கிறார்கள். கனடாவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர், 2021-இல் ஏற்பட்ட குடியேற்ற ஆலோசகர் கல்லூரியின் உறுப்பினராகவோ அந்த ஊர் வக்கீலாகவோ இருக்க வேண்டும். மும்பையில் உட்கார்ந்து செய்தாலும் அதேதான். பெயரைப் போட்டால் பட்டியலில் வரும். ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்டுக்கு ஏழு இலக்க எண் உண்டு. பிரிட்டனில் 1999 சட்டப்படி ஏற்பட்ட அலுவலகம் 2025 ஜனவரி முதல் இமிக்ரேஷன் அட்வைஸ் அதாரிட்டி என்ற பெயரில் நடக்கிறது. நம் தேசத்து ரெக்ரூட்டிங் ஏஜென்டை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். கம்ப்யூட்டர் பழக்கமில்லாத மாமாக்கள் நேரிலேயே போகலாம். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் விதேஷ் பவன் என்று 2017-இல் திறந்தார்கள். பாஸ்போர்ட் ஆபீஸும் ப்ரொடெக்டர் ஆஃப் எமிக்ரண்ட்ஸும் ஒரே கூரையின் கீழ். தாராவியைத் தாண்டினால் வந்துவிடும். சென்னை, கொச்சி, ஹைதராபாத், தில்லி, கொல்கத்தா உறுப்பினர்களுக்கும் அவரவர் ஊரில் அந்த ஆபீஸ் உண்டு.

ஏஜென்டிடம் போவது என்று தீர்மானித்தபின் நான் வற்புறுத்துவது முக்கியமாக ஒன்று. விண்ணப்பத்தில் போடும் ஈமெயில் முகவரியும் போன் நம்பரும் உங்கள் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். பலர் வேலை சுலபம் என்று தங்கள் ஈமெயிலையே போட்டு விடுகிறார்கள். தூதரகம் கூடுதல் ஆவணம் கேட்டால் கடிதம் அவருக்குப் போகும். அவர் மறந்தால் விண்ணப்பம் போயிற்று. அனுப்பும் முன் முழுப் படிவத்தையும் அச்செடுத்து, பிள்ளையே ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். அசல் சர்டிபிகேட்டை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். ரசீதில் எந்த வேலைக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். எச்-1பி-யில் போகிறவர்களுக்கு, முதலாளி தொழிலாளர் துறைக்குக் கொடுத்த எல்ஸிஏ என்ற காகிதத்தின் பிரதி பெற உரிமை உண்டு. சம்பளமும் வேலை செய்யும் ஊரும் அதில் இருக்கும்.

நம்மவர்களுக்கென்று ஒரு தனித் தலைவலி பெயர். இனிஷியல். பாஸ்போர்ட்டில் ஸர்நேம் இடம் காலி. அமெரிக்க விசாவில் முதல் பெயருக்கு எஃப்என்யூ, அதாவது முதல் பெயர் தெரியாது, என்று அச்சாகி வரும். பிறகு பாங்க் கணக்கு முதல் டிரைவிங் லைசென்ஸ் வரை அதே பெயர். எனக்குத் தெரிந்த ஒரு பையனை ஆபீஸில் "ஃப்னு" என்றே கூப்பிட்டார்களாம்! சிரிக்கிறீர்கள், ஆனால் 2022 நவம்பரில் எமிரேட்ஸ் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை விசிட் விசாவுக்கு ஏற்பதில்லை என்று அறிவித்தபோது டிக்கெட் வாங்கியவர்கள் தவித்தார்கள். பிறகு உள்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தினார்கள். பிள்ளை ப்ளஸ் டூ படிக்கும்போதே பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து ஸர்நேம் சேர்த்துவிட்டால், டிகிரி சர்டிபிகேட்டும் அதே பெயரில் வந்துவிடும். இதற்கு எந்த ஏஜென்டும் வேண்டாம், நாமே செய்துகொள்ளலாம்.

கூட்டம் முடிந்ததும் ஒரு மாமி கேட்ட கேள்வி, அச்சில் வரும் இந்த உரையிலும் சேர்க்கத் தக்கது. "அப்பாயின்ட்மென்ட் தேதி ஒரு வருஷம் தள்ளிப் போறதே, இருபதாயிரம் கொடுத்தா அடுத்த வாரமே வாங்கித் தரேன்னு ஒருத்தர் சொல்றார். அதிலே என்ன தப்பு?" அவர்கள் பலர் கம்ப்யூட்டர் புரோகிராம் வைத்துத் தேதிகளை மொத்தமாகப் பிடித்து விற்பவர்கள். 2025 மார்ச்சில் இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகம் அப்படிப் பிடிக்கப்பட்ட சுமார் 2,000 அப்பாயின்ட்மென்ட்களை ஒரே அடியாக ரத்து செய்தது. சம்பந்தப்பட்ட கணக்குகளின் தேதி குறிக்கும் வசதியையும் நிறுத்தி வைத்தார்கள். அந்தக் கணக்கு உங்கள் பிள்ளையின் பாஸ்போர்ட் எண்ணில் இருக்கும், மாமி.